கதவை மூடச் சொல்லலாமா? குடும்பநல நீதிமன்ற விசாரணை அறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பநல நீதிமன்றத்துக்கு முதன்முறையாக வருகிறவர்கள் என்னிடம் சட்டப்பிரிவைப் பற்றிக் கேட்பது குறைவு. "நான் எங்கே நிற்க வேண்டும்? அவர் எனக்கு எதிரிலேயே இருப்பாரா? நான் சொல்வது மற்றவர்கள் காதில் விழுமா? பிள்ளையைக் கூட்டி வர வேண்டுமா?" இவைதான் முதலில் வரும் கேள்விகள். இவற்றைச் சின்னக் கேள்விகள் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. வீட்டுக்குள் நடந்ததை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் சொல்ல வேண்டிய ஒருவருக்கு அந்த அறையின் அமைப்பே பாதி வழக்கு. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக இந்த வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில், கட்சிக்காரர்கள் கேட்பதையும் நான் சொல்லும் பதிலையும் இங்கே தருகிறேன்.

குடும்பநல நீதிமன்றம் என்பது தனி நீதிமன்றமா?

ஆம். 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் இதற்காகவே வந்தது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் மாநில அரசு கட்டாயம் அமைக்க வேண்டும். மற்ற ஊர்களில் தேவைக்கேற்ப அமைக்கலாம். விவாகரத்து, சேர்ந்து வாழக் கோரும் மனு, திருமணம் செல்லாது என அறிவிக்கக் கோருவது, ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு, கணவன் மனைவிக்கு இடையிலான சொத்துத் தகராறு எல்லாம் இங்கேதான் வரும். தனி நீதிமன்றம் இல்லாத ஊர்களில் திருமண வழக்குகளைச் சார்பு நீதிமன்றமோ மாவட்ட நீதிமன்றமோ விசாரிக்கும். ஜீவனாம்ச மனு மாஜிஸ்திரேட்டிடம் போகும்.

சண்டையைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் இடமாக மட்டும் இது இருக்கக் கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் நோக்கம். நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும்போது குழந்தைகள் நலனில் அக்கறை உள்ளவர்களையும், சமரசத்திலும் ஆலோசனையிலும் அனுபவம் உள்ளவர்களையும் பார்க்க வேண்டும், பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 4-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த நோக்கம் கட்டடத்திலும் தெரிய வேண்டும் அல்லவா? பல இடங்களில் தெரிவதில்லை. பழைய சிவில் கோர்ட் அறை ஒன்றின் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றியதுபோல் இருக்கும்.

அறை எப்படி இருக்கும்? யார் எங்கே இருப்பார்கள்?

உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவர் ஓரமாக உயர்ந்த மேடை, அதில் நீதிபதியின் இருக்கை. மேடைக்குக் கீழே, உங்களைப் பார்த்தபடி பெஞ்ச் கிளார்க் உட்கார்ந்திருப்பார். அன்றைய கேஸ் கட்டுகள் அவர் மேசையில் அடுக்கடுக்காக இருக்கும். அவர் பக்கத்தில் தட்டச்சர். அடுத்து வழக்கறிஞர்களுக்கான மேசையும் நாற்காலிகளும். ஓரமாகச் சாட்சிக் கூண்டு. கூண்டு என்றதும் பயப்பட வேண்டாம். இடுப்பளவு மரத் தடுப்பு, அவ்வளவுதான். பின்னால் சில பெஞ்சுகள்.

காலை 10.30 மணிவாக்கில் வழக்குகளை வரிசையாகக் கூப்பிடுவார்கள். வாசலில் ஊழியர் உங்கள் பெயரை உரக்கச் சொல்வார். பெயர் கேட்டதும் உள்ளே போய் நீதிபதிக்கு வணக்கம் சொல்லி நில்லுங்கள். மனுதாரரும் எதிர்மனுதாரரும் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். இடைவெளி சில அடிதான் இருக்கும். முதல் சில வாய்தாக்களில் இது ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். வக்காலத்து (வழக்கறிஞரை நியமிக்கும் பத்திரம்) தாக்கல், பதிலுரைக்குத் தேதி, ஆலோசகரிடம் அனுப்புவது என்று அடுத்த தேதியைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இரவெல்லாம் தூங்காமல் வந்தவருக்கு அந்த இரண்டு நிமிடம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். அன்றே எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று முயல வேண்டாம். பேச வேண்டிய நாள் வேறு, அதற்கான ஏற்பாடும் வேறு.

எல்லோர் முன்னிலையிலும்தான் என் குடும்ப விஷயத்தைச் சொல்ல வேண்டுமா?

வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 11-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: நீதிமன்றம் விரும்பினால் மூடிய அறையில் விசாரிக்கலாம், கட்சிக்காரர்களில் யாரேனும் ஒருவர் விரும்பினால் மூடிய அறையில் விசாரித்தே ஆக வேண்டும். ஒருவர் கேட்டால் போதும். மறுதரப்பின் சம்மதம் தேவையில்லை. எந்த மதத்தினருக்கும் இது பொருந்தும். இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆவது பிரிவும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 33-ஆவது பிரிவும் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தச் சட்டங்களின் கீழ் வரும் எல்லா நடவடிக்கைகளையும் மூடிய அறையில்தான் நடத்த வேண்டும் என்கின்றன.

வழக்கறிஞர்கள் இதை 'இன்-கேமரா' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு, கேமரா வைத்துப் படம் பிடிப்பார்களோ என்று நடுங்கிப்போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே கேமரா என்பது அறையைக் குறிக்கும் லத்தீன் சொல். படம் எதுவும் எடுக்க மாட்டார்கள். நீதிபதி, தேவையான ஊழியர்கள், இரு தரப்பினர், அவர்களுடைய வழக்கறிஞர்கள், சாட்சி சொல்பவர் தவிர மற்றவர்கள் வெளியேற வேண்டும் என்பதே பொருள். உங்கள் அம்மாவும் வெளியே, எதிர்த்தரப்பின் அண்ணனும் வெளியே. சில நீதிபதிகள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். சிலர் தங்கள் தனியறையில், அதாவது சேம்பரில் வைத்து விசாரிப்பார்கள்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் கதவு திறந்தே கிடப்பது ஏன்? ஒரே நாளில் ஏராளமான வழக்குகள் பட்டியலில் இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் அறையைக் காலி செய்து மறுபடியும் நிரப்ப நேரமில்லை என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். என் ஆரம்ப நாட்களில் பார்த்த ஒரு காட்சி இன்றும் மனதை விட்டுப் போகவில்லை. கூண்டில் நின்ற பெண், படுக்கையறை சம்பந்தமான ஒரு கேள்விக்கு உதடு மட்டும் அசையும்படி பதில் சொன்னார். தட்டச்சருக்குக் கேட்கவில்லை. "சத்தமாகச் சொல்லுங்கள்" என்றார்கள். பின் பெஞ்சுகளில் தங்கள் முறைக்காகக் காத்திருந்த இருபது பேரும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பெண் புடவைத் தலைப்பைச் சுருட்டிக் கையில் இறுக்கிக்கொண்டு, "எனக்கு ஞாபகம் இல்லை" என்று சொல்லிவிட்டார். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. மூடிய அறை கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் அன்று எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞரின் ஜூனியராகப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நானும் சொல்லவில்லை.

ஆகவே கேளுங்கள். சாட்சியத் தேதிக்கு முன்பே உங்கள் வழக்கறிஞர் மூலம் ஒரு மெமோ (சிறு கோரிக்கைக் குறிப்பு) தாக்கல் செய்துவிடுவது நல்லது. மறந்துவிட்டால், கூண்டில் ஏறியதும் "இதை மூடிய அறையில் சொல்ல விரும்புகிறேன்" என்று நீதிபதியிடம் நீங்களே சொல்லலாம். நான் அறிந்தவரை, கேட்டபின் மறுத்த நீதிபதி இல்லை.

பத்திரிகையில் வந்துவிடுமா?

இந்து திருமணச் சட்ட வழக்கின் விவரங்களை யாரும் அச்சிடவோ வெளியிடவோ கூடாது. மீறினால் 1,000 ரூபாய் வரை அபராதம். இந்தத் தொகை இன்றைக்கு யாரையும் தடுக்காது, உயர்த்தப்பட வேண்டும். உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகியவற்றின் தீர்ப்புகளை மட்டும் அந்த நீதிமன்றத்தின் முன் அனுமதியுடன் வெளியிடலாம். இணையத்தில் வரும் தீர்ப்பில் உங்கள் பெயரோ குழந்தையின் பெயரோ இருக்கக் கூடாது என்று விரும்பினால், பெயரை மறைக்கக் கோரி மனுச் செய்ய முடியும். தீர்ப்பு வருவதற்கு முன்பே கேட்பது சுலபம்.

நீதிமன்ற நிகழ்வுகளை இப்போது நேரலையில் காட்டுகிறார்களே?

திருமண வழக்குகளைக் காட்டுவதில்லை. நேரலையை அனுமதித்த 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் இவற்றுக்கு விலக்கு அளித்துவிட்டது.

அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பேச்சு வராது. என்ன செய்வது?

இதை வெட்கப்படாமல் முதல் சந்திப்பிலேயே வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். அடி வாங்கியவர்களுக்கு உடம்பில் பயம் தங்கியிருக்கும். அது கோழைத்தனம் அல்ல. செய்யக்கூடிய ஏற்பாடுகள் பல இருக்கின்றன. சாட்சி சொல்லும்போது மறுதரப்பு நேர் எதிரில் நிற்காமல், கண்ணில் படாதபடி பின்னால் உட்கார வைக்கச் சொல்லலாம். முன் வரிசையில் இருக்கும் உங்கள் வழக்கறிஞரின் முகத்தைப் பார்த்தபடி பதில் சொல்லலாம். விசாரணை முடிந்ததும் ஒரு தரப்பை முதலில் அனுப்பிவிட்டு, கால் மணி நேரம் கழித்து மற்றவரை அனுப்பும்படி நீதிபதியைக் கேட்கலாம். மிரட்டல் இருந்தால் எழுத்தில் கொடுத்துக் காவல்துறை பாதுகாப்பு கேட்கலாம்.

நலிந்த நிலையில் உள்ள சாட்சிகளுக்காகத் தனி சாட்சியப் பதிவு மையங்களை எல்லா மாவட்டங்களிலும் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. அங்கே சாட்சி சொல்பவரும் எதிர்த்தரப்பும் ஒருவரை ஒருவர் நேரில் காணாதபடி தனி வழி, தனி அறை, திரை எல்லாம் இருக்கும். குற்ற வழக்குகளுக்கு மட்டும் என்றில்லாமல் குடும்ப நீதிமன்றங்களுக்கும் அந்த வசதி பொருந்தும் வகையில்தான் உத்தரவு இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் மையம் இயங்குகிறதா என்று வழக்கறிஞரை விசாரிக்கச் சொல்லுங்கள்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-இன் கீழ் கிடைக்கும் பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் வசிக்கும் உரிமை ஆகியவற்றையும் 26-ஆவது பிரிவின்படி குடும்பநல நீதிமன்றத்திலேயே கேட்கலாம். இரண்டு நீதிமன்றங்களுக்கு அலைய வேண்டிய அவசியம் சில வழக்குகளில் இதனால் குறையும்.

என்னைப் பொறுத்தவரை அறைக்குள் இருப்பதைவிட வராந்தாவில்தான் ஆபத்து அதிகம். உள்ளே நீதிபதி இருக்கிறார். வெளியே இரு வீட்டாரும் ஒரே தூணைச் சுற்றி மணிக்கணக்கில் நிற்கிறார்கள். வசையும் தள்ளுமுள்ளும் அங்கேதான் நடக்கும். தனியாக வராதீர்கள், நிதானமான ஒருவரை மட்டும் துணைக்கு அழைத்து வாருங்கள். கோபக்கார மாமாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கவுன்சலிங் அறையில் என்ன நடக்கும்? அங்கே சொல்வது வெளியே போகுமா?

சமரசத்துக்கு முயல்வது நீதிமன்றத்தின் கடமை என்று குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 9-ஆவது பிரிவு சொல்கிறது. இணக்கம் வர வாய்ப்பிருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால் வழக்கை ஒத்திவைத்து முயன்று பார்க்கலாம். அதற்காகவே நீதிமன்றத்தோடு இணைந்த ஆலோசகர்கள் இருக்கிறார்கள். வழக்குகளைச் சமரச மையத்துக்கு அனுப்பும் வழக்கமும் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-இல் தொடங்கிய சமரச மையம் இந்தியாவில் இந்த வகையில் முன்னோடி.

இந்த அறையில் மேடை இருக்காது. ஒரு மேசை, சுற்றிலும் நாற்காலிகள். ஆலோசகர் முதலில் உங்களிடம் தனியாக, பிறகு அவரிடம் தனியாக, கடைசியில் இருவரையும் சேர்த்து வைத்துப் பேசுவார். வழக்கறிஞரும் உறவினரும் பெரும்பாலும் வெளியே இருப்பார்கள். நல்ல ஆலோசகர் நாற்காலியைப் போடும் விதத்திலேயே தெரிந்துவிடும். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தால் பழைய சண்டை தொடங்கும். மேசையின் மூலையை ஒட்டி, இருவரும் தன்னைப் பார்க்கும்படி உட்கார வைப்பவர் பாதி வேலையை முடித்துவிடுகிறார்.

அங்கே பேசியது ரகசியம். சமரசப் பேச்சில் ஒருவர் விட்டுக்கொடுத்துச் சொன்னதை மறுநாள் அவருக்கு எதிராகச் சாட்சியமாக்க முடியாது. 2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டத்திலும் இந்த ரகசியம் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே மனம் விட்டுப் பேசலாம்.

சமரசம் என்றாலே மீண்டும் சேர்ந்து வாழ்வதுதான் என்று பலர் நினைத்து, போகவே மறுக்கிறார்கள். அப்படியில்லை. மரியாதையாகப் பிரிவது, பிள்ளை எந்த நாளில் யாரிடம் இருக்கும் என்று முடிவு செய்வது, நகையைத் திருப்பிக் கொடுப்பது, இவையும் சமரசமே. "பொறுத்துப் போம்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஆலோசகரிடம் நீங்கள் மாட்டிக்கொண்டால், அடி உதை நடந்திருந்தால், அதை நீதிபதியிடம் சொல்லி வேறு ஏற்பாடு கேட்கத் தயங்க வேண்டாம். உயிருக்குப் பயந்து வந்தவரைப் பொறுத்துப்போகச் சொல்வது ஆலோசனை ஆகாது.

வழக்கறிஞர் இல்லாமல் நானே வாதாடலாமா?

தாராளமாக. குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 13-ஆவது பிரிவின்படி இங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கோர முடியாது. நீதிமன்றத்தின் அனுமதியோடுதான் வைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் அனுமதி வழக்கமாகக் கிடைத்துவிடுகிறது. வாதங்களின் போர்க்களமாக இந்த அறை ஆகிவிடக் கூடாது என்பதற்காக வைத்த பிரிவு அது. சட்டச் சிக்கல் இருந்தால் தனக்கு உதவ ஒரு வழக்கறிஞரை நீதிமன்றமே நியமித்துக்கொள்ளவும் வழி உண்டு.

பணமில்லாததால் தனியாக வந்து நிற்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

வெளிநாட்டில், வெளியூரில் இருக்கிறேன். காணொலியில் ஆஜராகலாமா?

இதற்கு ஒரே வரியில் பதில் இல்லை. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வழக்கை வேறு ஊருக்கு மாற்றுவதற்குப் பதிலாகக் காணொலியைப் பயன்படுத்தலாம் என்று வழி காட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு சாந்தினி வழக்கில் அதை மாற்றியது. இரண்டு நீதிபதிகளின் கருத்து: சமரச முயற்சி நடக்கும் கட்டத்தில் காணொலி கூடாது, அது தோற்றபின், இருவரும் சேர்ந்து கேட்டால் அனுமதிக்கலாம். கேமரா வழியாகப் பேசும்போது மூடிய அறையின் அந்தரங்கம் போய்விடும் என்பது அவர்கள் கவலை. நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டு, இதைக் குடும்பநல நீதிமன்றத்தின் முடிவுக்கே விட வேண்டும் என்றார்.

பிறகு கொரோனா வந்தது, நீதிமன்றங்கள் எல்லாமே திரைக்குப் போயின. இன்று நியாயமான காரணம் இருந்தால் காணொலிக்குக் கேட்பது சாதாரணமாகிவிட்டது; அனுமதி நீதிபதியின் கையில். கிடைத்தால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அப்போது நீங்கள் இருக்கும் அறையும் நீதிமன்ற அறைதான். கதவைச் சாத்துங்கள். படத்தில் தெரியாமல் பக்கவாட்டில் நின்று அப்பா சைகை காட்டினால், உங்கள் கண் அங்கே போவதை நீதிபதி பார்த்துவிடுவார். உண்மையான சாட்சியம்கூட அதோடு நிறம் மாறிவிடும்.

குழந்தையை அழைத்து வர வேண்டுமா?

நீதிபதி அழைத்து வரச் சொன்ன நாளில் மட்டும். அழைக்காத நாளில் தயவுசெய்து வேண்டாம்.

குழந்தையின் பொறுப்பு யாரிடம் என்ற வழக்கில் நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலன். பெற்றோரின் உரிமை அதற்குப் பின்னால்தான். தன் விருப்பத்தை அறிந்து சொல்லும் வயது குழந்தைக்கு இருந்தால் அதைக் கருத்தில் கொள்ளலாம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், 17-ஆவது பிரிவில் சொல்கிறது. அதற்கு வயது வரம்பு எதுவும் எழுதப்படவில்லை. குழந்தையைக் கூண்டில் ஏற்றிக் கேட்பதில்லை. நீதிபதி தன் சேம்பரில் வைத்துப் பேசுவார். பெற்றோரும் வழக்கறிஞர்களும் வெளியே. கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டு, நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம், நண்பர்கள், பிடித்த பாடம் என்று தொடங்கிய ஒரு பெண் நீதிபதியை எனக்குத் தெரியும். "யாரிடம் இருக்க விருப்பம்?" என்று அவர் எந்தக் குழந்தையிடமும் நேராகக் கேட்டதில்லை. "காலையில் உன்னை யார் எழுப்புவார்கள்? காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் படுப்பார்கள்?" என்று கேட்பார். இந்தக் கேள்விகளுக்கு வீட்டில் யாரும் பயிற்சி தந்திருக்க முடியாது.

சொல்லிக் கொடுத்து அழைத்து வருவது எப்போதும் தெரிந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளை "மன உளைச்சல்" என்று சொன்னால் அது யார் வாய்ச்சொல் என்று எல்லோருக்கும் புரியும்.

வழக்கு நடக்கும்போது குழந்தையைப் பார்க்க மற்ற பெற்றோருக்கு இடைக்கால அனுமதி கிடைக்கும். நம்பிக்கை அறவே இல்லாதபோது அந்தச் சந்திப்பை நீதிமன்ற வளாகத்திலேயே வைத்துவிடுகிறார்கள். விளையாட்டுப் பொருள்களோடு தனி அறை உள்ள வளாகங்கள் இருக்கின்றன. பல இடங்களில் வராந்தாவின் ஒரு மூலைதான் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை அப்படிப்பட்ட மூலையில் ஓர் அப்பாவைப் பார்த்தேன். மாதத்துக்கு இரண்டு சனி, தலா இரண்டு மணி நேரம் என்று உத்தரவு. பொம்மை, சாக்லேட் எதுவும் கொண்டு வரவில்லை. பழைய ஓவிய நோட்டு ஒன்றும் பென்சிலும் மட்டும். மகள் முதல் அரை மணி நேரம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் பேசாமல் ஒரு யானையை வரைந்து தும்பிக்கையை மட்டும் விட்டுவைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து பென்சிலை வாங்கித் தும்பிக்கையைப் போட்டாள். இரண்டு மணி நேரம் முடிந்து அம்மா வந்தபோது நான்காவது யானை பாதியில் இருந்தது.

அந்த மூலையில் ஒரு பாயும் ஒரு மின்விசிறியும் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அன்று நினைத்தேன். பெரிய செலவு இல்லை.

தூரத்தில் இருக்கும் பெற்றோருக்குக் காணொலி அழைப்பில் தினமும் சில நிமிடங்கள் பேசும் உரிமை தரலாம் என்று 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவில் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சாட்சியம் எப்படிப் பதிவாகும்?

முதல் விசாரணையை, அதாவது சாட்சி தன் தரப்பில் சொல்ல வேண்டியதை, நிரூபண வாக்குமூலமாக எழுத்தில் தாக்கல் செய்வார்கள். கூண்டில் ஏறி, அதில் உள்ளது சரி என்று உறுதி கூறி, ஆவணங்களைக் காட்டினால் அவற்றுக்கு எண் இடுவார்கள். பிறகுதான் குறுக்கு விசாரணை. மற்ற நீதிமன்றங்களில் சாட்சியமாக ஏற்கத் தயங்கும் அறிக்கையையோ ஆவணத்தையோகூட, தகராறைத் தீர்க்க உதவும் என்று தோன்றினால் இங்கே ஏற்கலாம். அது குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. சொல்வதை வரிக்கு வரி எழுத வேண்டியதில்லை, சாரத்தைப் பதிவு செய்தால் போதும் என்பது 15-ஆவது பிரிவு.

சாரம் என்பதால்தான் கவனம் தேவை. நீங்கள் தமிழில் சொல்வது வேறு சொற்களில் பதிவாகலாம். "எப்போதாவது குடிப்பார்" என்று நீங்கள் சொன்னது "குடிப்பது உண்டு" என்று பதிவாகி இருந்தால் வழக்கே மாறும். கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தவறு இருந்தால் அங்கேயே, அப்போதே சொல்லுங்கள்.

ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது இது. மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது.

கைப்பேசி வைத்துக்கொள்ளலாமா?

அணைத்து வையுங்கள். பதிவு செய்யவே கூடாது.

தேதிக்கு வர முடியாமல் போனால்?

முன்கூட்டியே வழக்கறிஞரிடம் சொல்லி வாய்தா மனு போடச் சொல்லுங்கள். சொல்லாமல் இருந்தால், ஒருதலைப்பட்சமாக விசாரித்துத் தீர்ப்பளித்துவிடக்கூடும். அப்படி ஆகிவிட்டால் அதை ரத்து செய்யக் கோரி 30 நாள்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். சம்மனே முறையாகக் கிடைக்காதவருக்கு, தீர்ப்பு பற்றித் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு தொடங்கும். அடுத்த தேதியை ஈ-கோர்ட்ஸ் செயலியில் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (உங்கள் வழக்குக்கு உரிய தனி அடையாள எண்) கொண்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். யாரையும் நச்சரிக்க வேண்டாம்.

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கும் இத்தனை ஏற்பாடா?

இல்லை. இரண்டு தடவை வந்தால் போதும். முதல் மனுவுக்கும் இரண்டாவது கட்டத்துக்கும் இடையே 6 மாதம் காத்திருக்க வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு சொல்கிறது. சேர வழியே இல்லை, எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது என்றால் நீதிமன்றம் அந்தக் காலத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி இருவரிடமும் கேட்பது ஒன்றுதான்: யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்துப் போட்டீர்களா? இல்லை என்றால் அந்த நிமிடத்தில் சொல்லிவிடலாம். அதற்காகத்தான் நேரில் கேட்கிறார்கள்.

தீர்ப்பு வந்தபின் என்ன வாங்கிக்கொள்ள வேண்டும்?

இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துத் தீர்ப்பாணையின் நகலை இரு தரப்புக்கும் இலவசமாகத் தர வேண்டும். மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில், இரு நீதிபதிகள் அமர்வு முன். குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது. எது பொருந்தும் என்று வாதம் வளர்ப்பதைவிட 30 நாளுக்குள் தாக்கல் செய்துவிடுவதே பாதுகாப்பு. மறுமணம் செய்ய நினைப்பவரோ, அந்தக் கெடுவில் நீண்டதைக் கணக்கில் எடுத்து, மேல்முறையீடு எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே செய்ய வேண்டும்.

நகலை வாங்கியதும் கவுன்டரை விட்டு நகராமல் படித்துப் பாருங்கள். பெயரின் எழுத்து, திருமணத் தேதி, குழந்தையின் பிறந்த தேதி. பாஸ்போர்ட் அலுவலகத்திலும் பள்ளியிலும் காட்டப்போவது இந்தத் தாளைத்தான். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அன்றே திருத்த மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.